சங்குக்கு மேல் ஒரு பெயர்

மிரோஸ்லாவ் என்று பெயர் சொல்லிக் கூப்பிட்டால் கேட்டவர்களுக்குக் கோபம் போய்விடும். அடுத்த சங்கு ஊதும்வரை திரும்பி வராது. ஏன் என்று கேட்டால் பதில் இல்லை. அந்த ஊரில் யாரும் கேட்கவும் இல்லை.

ஊர் என்று பெரிதாகச் சொல்ல ஒன்றும் கிடையாது. கொள்ளிடத்துக்கு வடக்கே கரும்புக்கு நடுவே ஒரு சர்க்கரை ஆலை, அதன் முதுகோடு ஒட்டிய நூற்று இருபது லைன் வீடுகள், ஒரு டீக்கடை, ஒரு கொடிக்கம்பம், எல்லாவற்றுக்கும் மேலே கழிவுப் பாகின் புளித்த வாடை, அவ்வளவுதான். காலை ஆறுக்கும் மதியம் இரண்டுக்கும் இரவு பத்துக்கும் ஆலைச் சங்கு ஊதும். சங்கு ஊதினால் அடுப்பு எரியும், சங்கு ஊதினால் ஆண்பிள்ளைகள் போவார்கள், சங்கு ஊதினால் வேறு ஆண்பிள்ளைகள் வருவார்கள், பிறந்ததும் செத்ததும்கூட முதல் சங்குக்குப் பின்பு, இரண்டாம் சங்குக்கு முன்பு என்றுதான் அங்கே ஞாபகத்தில் நிற்கும்.

மற்ற ஊர்களில் பிள்ளைக்குப் பெயரைக் காதில் மெல்லச் சொல்வார்கள். லைன் வீடுகளில் அது கிடையாது. பதினாறாம் நாள் பிள்ளையை ஆலை வாசலுக்குத் தூக்கிப் போய், இரண்டு மணிச் சங்கு ஊதும்போது, அப்பன் மூன்று தடவை பெயரைக் கத்த வேண்டும். நாற்பது தப்படி தள்ளி நிற்கிற சொந்தபந்தத்துக்கு அது சங்குக்கு மேல் கேட்க வேண்டும். கேட்டால் பெயர், கேட்காவிட்டால் மறுநாள் மறுபடி. கேன்டீன் வேலாயுதத்தின் மகளுக்குப் பெயர் வைக்க நாலு நாள் ஆயிற்று. வேலாயுதத்துக்குத் தொண்டை சின்னது.

அரியமுத்துவுக்குப் பெரிய தொண்டை. பாய்லர் ஆள். தொழிற்சங்க ஊர்வலம் என்றால் முன்னால் நின்று கோஷம் போடுகிறவன் அவன்தான். அவன் ஒரு முறை கத்தினால் பின்னால் இருநூறு பேர் கத்துவார்கள், ஆபீஸ் ஜன்னல்கள் ஒவ்வொன்றாகச் சாத்திக்கொள்ளும். அவனுக்கும் தையல்நாயகிக்கும் கல்யாணமாகி ஒன்பது வருஷம் கழித்து ஒரு ஆண் குழந்தை பிறந்தபோது, ஆலையில் புது டர்பைன் பூட்டிக்கொண்டிருந்தார்கள். பூட்ட வந்தவர் செக்கோஸ்லோவாகியாக்காரர். எட்டு மாசம் இருந்தார். அரியமுத்துதான் அவருக்கு உதவி ஆள். சிவந்த உடம்பு, பச்சை வெங்காயத்தைக் கடித்துத் தின்பார், கோபம் வந்தால் ஸ்பானரை எறிவார், எறிந்துவிட்டு அவரே போய் எடுத்து வருவார். பெயர் மிரோஸ்லாவ்.

பெயருக்கு என்ன அர்த்தம் என்று அரியமுத்து கேட்டான். அவர் கீழே கிடந்த இரண்டு கரும்புத் துண்டுகளை எடுத்துச் சணலால் சேர்த்துக் கட்டிக் காட்டினார். எங்கள் பக்கத்தில் பழைய பெயர்கள் எல்லாம் இப்படித்தான், இரண்டு சொல்லைச் சேர்த்துக் கட்டியது என்றார். இது அமைதி, இது புகழ். கூட நின்ற ஆலை இன்ஜினியர் அதைத் தமிழில் சொன்னார். என் அம்மா வைத்தாள், நான் கத்திக்கொண்டே பிறந்தேனாம், பெயர் வைத்தும் ஒன்றும் ஆகவில்லை என்று சொல்லிச் சிரித்தார் செக்கோஸ்லோவாகியாக்காரர். அவர் தெருவில் மட்டும் நாலு மிரோஸ்லாவ்களாம். நாலு பேரும் சண்டைக்காரர்களாம்.

அரியமுத்து அந்தப் பெயரையே பிடித்துக்கொண்டான். சங்கச் செயலாளர் சவரிமுத்துவுக்கு அது பிடிக்கவில்லை.

"பேரு என்னய்யா சொன்ன?"

"மிரோஸ்லாவ், தோழர்."

"அர்த்தம்?"

"அமைதியால பேர் எடுக்கறவனாம்."

"கோஷம் போடறவன் புள்ளைக்கு அமைதியா? ஏன்யா, வேற பேரே கெடைக்கலியா உனக்கு?"

"செகப்பு நாட்டுப் பேரு தோழர். அர்த்தத்த எவன் பாக்கப் போறான்?"

அவன் செய்த தப்பு அதுதான். பெயரின் நிறத்தைப் பார்த்தான்.

பதினாறாம் நாள் சங்கு ஊதியது. அரியமுத்து குழந்தையைத் தலைக்கு மேல் தூக்கி மூன்று தடவை கத்தினான். நாற்பது தப்படி என்ன, கரும்பு லாரிகள் நிற்கிற இடம் வரைக்கும் கேட்டது. வாசலுக்கு உள்ளே அந்த நேரம் செக்கோஸ்லோவாகியாக்காரர் ஏதோ ஒரு வாஷருக்காக இன்ஜினியரின் சட்டையைப் பிடித்திருந்தார். பிடித்த கை அப்படியே விட்டது, சட்டையை நீவிக் கொடுத்தார், தொப்பியைக் கழற்றிக்கொண்டு சும்மா நின்றார். தன் பெயர் ஒரு குழந்தைக்கு வைக்கப்பட்டதில் மனுஷன் உருகிப்போனார் என்று எல்லாரும் நினைத்தார்கள். அடுத்த வாரம் ஊருக்குப் போய்விட்டார். இனி இந்தக் கதையில் அவருக்கு வேலை இல்லை.

குழாயடியில்தான் முதலில் கண்டுபிடித்தார்கள். பிள்ளைக்கு இரண்டு வயது. இரண்டு பெண்கள் ஒருத்தி கொண்டையை ஒருத்தி பிடித்துக்கொண்டு, ஏழு தலைமுறையை இழுத்துப் போட்டு நாறடித்துக்கொண்டிருந்தபோது, மண்ணைத் தின்னப் போன பிள்ளையைத் தையல்நாயகி பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். இரண்டு கொண்டையும் விடுபட்டன. "நீ மொதல்ல தண்ணி புடி அக்கா," என்றாள் ஒருத்தி. "இல்ல, ஒனக்குத்தான் கைக்கொழந்த இருக்கு, நீ புடி," என்றாள் மற்றவள். மூன்றாவதாக நின்றவள் குடத்தைக் கீழே வைத்துவிட்டு, "ஏ தையலு, இன்னொருவாட்டி கூப்பிடு," என்றாள்.

அப்புறம் என்ன. ஏணியை இரவல் கேட்கிற மாதிரி, உரலை இரவல் கேட்கிற மாதிரி அந்தப் பெயரைக் கேட்டு வந்தார்கள். கேட்டு வருவதும் கொஞ்ச நாள்தான், பிறகு அவரவர் வாயாலேயே கூப்பிட்டுக்கொண்டார்கள். பந்தியில் முதல் வரிசைக்குச் சண்டை வந்தால் கூப்பிட்டார்கள், அண்ணன் தம்பி வரப்பில் மண்வெட்டியோடு நின்றால் கூப்பிட்டார்கள், சீட்டாட்டத்தில் கூப்பிட்டார்கள், பஸ் வரத் தாமதமானால் கூப்பிட்டார்கள், மாமியார் கூப்பிட்டாள், மருமகள் கூப்பிட்டாள், பள்ளிக்கூட வாத்தியார் பாடத்துக்குப் பாடம் கூப்பிட்டார். அந்தப் பிள்ளையோ, பெயரைக் கேட்டால் ஓடி வருகிற பிள்ளை. எங்கே விளையாடினாலும் விட்டுவிட்டு மூச்சிரைக்க வந்து நிற்பான்.

"கூப்பிட்டீங்களா?"

"ஒண்ணுமில்ல. போ."

ஒரு நாளைக்கு நாற்பது தடவை. யாருக்கும் அவன் தேவைப்படவில்லை, பெயர் தேவைப்பட்டது. அவன் முகம் கோணவும் இல்லை. கோணுவதற்கும் கொஞ்சம் கோபம் வேண்டும், அவனுக்குத்தான் எல்லாரையும்விட அதிகமாக அவன் பெயர் காதில் விழுந்துகொண்டிருந்ததே.

இதில் ஒரு கோளாறு இருப்பது அஞ்சலைக்குத்தான் முதலில் தெரிந்திருக்க வேண்டும். பதினேழாம் நம்பர் வீட்டுக்காரி. புருஷன் கை நீட்டுகிறவன். ஒரு நாள் துணி மூட்டை கட்டி, பிள்ளைகளை இடுப்பில் ஒன்றும் கையில் ஒன்றுமாகப் பிடித்துக்கொண்டு, இனி இந்த வாசலை மிதிப்பதில்லை என்று இறங்கினாள். அவன் விறகுக் கட்டையோடு பின்னால் வந்தான். பக்கத்து வீட்டில் நல்ல மனசோடு பெயரைக் கூப்பிட்டார்கள். கட்டை கீழே விழுந்தது. அவளும் மூட்டையைப் பிரித்து, துணியைக் கொடியில் போட்டு, உலை வைத்தாள். அடி நின்றது, போவதும் நின்றது. அடுத்த சங்குக்கு அப்புறம் அடி மட்டும் திரும்ப வந்தது. ஊர் இதைப் பற்றி நினைக்கவில்லை. சத்தம் இல்லாமல் இருந்தது, அது போதும்.

ஆலைக்கு விஷயம் தெரிந்தபோது பையனுக்குப் பத்து வயது. லேபர் ஆபீசராக வரதராசன் என்று ஒருத்தர் வந்தார். சட்டையில் மடிப்புக் கலையாத மனுஷர். யாரையும் வாங்க போங்க என்றுதான் பேசுவார். அந்த வருஷப் பேச்சுவார்த்தைக்கு அரியமுத்து ஏழு கோரிக்கை கொண்டுபோனான். மற்ற ஆறு கிடக்கட்டும், மூன்றாவது இதுதான்: கழிவுத் தொட்டிக்கு இரும்பு மூடி போட வேண்டும், உள்ளே இறங்க ஏணி வேண்டும், இறங்குகிறவனுக்கு மூச்சுக் கவசம் வேண்டும். அதற்கு முந்தின சீசனில் ஒருத்தன் அதில் விழுந்து செத்திருந்தான். வெளியே இருநூறு பேர் உட்கார்ந்திருந்தார்கள், கதவு திறந்திருந்தது. அரியமுத்து மேஜையைக் குத்தினான், தண்ணீர் டம்ளர் குதித்துச் சாய்ந்தது. வரதராசன் டம்ளரை நிமிர்த்தி வைத்தார்.

"கோவப்படாதீங்க அரியமுத்து. வீட்ல எல்லாரும் சௌக்கியமா? ஒரே பையனாமே. நல்லாப் படிக்கறான்னாங்க. பேருகூட ஏதோ புதுசா இருக்குமே, வாயில நுழையல எனக்கு..."

பிள்ளையைப் பற்றிக் கேட்டால் எந்த அப்பன் சும்மா இருப்பான்? பெரிய தொண்டையில், பெருமையாக, திறந்த கதவு வழியாக இருநூறு பேருக்கும் கேட்கிற மாதிரி அரியமுத்து தன் மகனின் பெயரைச் சொன்னான்.

கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தான். ஏழில் ஒன்றும் கிடைக்கவில்லை. வெளியே எல்லாரும் வேட்டியைத் தட்டிக்கொண்டு எழுந்து, சரி, அடுத்த வருஷம் பார்த்துக்கலாம் என்று போனார்கள். இரவு பத்து மணிச் சங்கு ஊதியபோதுதான் அரியமுத்துவுக்குத் தான் செய்தது என்ன என்று உறைத்தது. பாய்லர் சத்தத்துக்காகக் காதில் வைக்கிற பஞ்சை அன்றிலிருந்து அவன் எடுக்கவே இல்லை. சோறு தின்னும்போதும் பஞ்சு, படுக்கும்போதும் பஞ்சு. பேசினால் எதிராளியின் வாயைப் பார்த்துப் புரிந்துகொள்வான். அன்றிலிருந்து மகனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதும் இல்லை. டேய், அவ்வளவுதான்.

பையனுக்குப் பதினெட்டு ஆனதும் ஆலையே வீடு தேடி வந்து வேலை கொடுத்தது. டைம் ஆபீசில் ஒரு நாற்காலி. வேலை என்ன? உட்கார்ந்திருப்பது. கொடிக்கம்பத்தில் பெரிய குழாய் ஒலிபெருக்கி ஒன்று கட்டினார்கள், ஒவ்வொரு சங்கு ஓய்ந்த பிறகும் அது இருமிவிட்டுச் சொல்லும்: "மிரோஸ்லாவ், டைம் ஆபீசுக்கு வரவும்." அவன் டைம் ஆபீசில்தான் இருப்பான். எழுந்து நின்று, "கூப்பிட்டீங்களா?" என்பான். "ஒண்ணுமில்ல, உக்காரு," என்பார்கள்.

ஆறு வருஷம் அந்த ஊரில் கோபம் இல்லை. ஆலைக் கழிவு வாய்க்காலில் கலந்தது, கிணற்றுத் தண்ணீர் டீ நிறத்துக்கு வந்தது, பெண்கள் மூன்று மைல் நடந்து தண்ணீர் கொண்டுவந்தார்கள், நடப்பது உடம்புக்கு நல்லது என்றார்கள். நிரந்தர ஆட்களை எடுத்துவிட்டு தினக்கூலி ஆட்களை வைத்தார்கள், போகிறவர்கள் வருகிறவர்களுக்குப் பூட்டுச் சாவி இருக்கிற இடத்தைக் காட்டிக் கொடுத்துவிட்டுப் போனார்கள். சங்கக் கொட்டகையில் ஆடு கட்டினார்கள். ஆறு வருஷத்தில் ஒரு சட்டை கிழியவில்லை. கலெக்டர் வந்து, இதுவல்லவா ஊர் என்று மாலை போட்டுவிட்டுப் போனார்.

ஆனாலும் மனுஷன் மனுஷன்தானே. பாலத்துக்கு அந்தப்புறம் சங்கு கேட்கும், ஒலிபெருக்கி கேட்காது. சவரிமுத்துதான் அதைக் கண்டுபிடித்தார். ஞாயிற்றுக்கிழமை ஒன்றரை மணிக்கு நாலைந்து பேர் சைக்கிளில் பாலத்தைத் தாண்டிப் போய் உட்காருவார்கள். இரண்டு மணிச் சங்கு ஊதும். ஒரு வாரத்துக் கோபம் மொத்தமும் வந்து இறங்கும். ஆலையையும் வரதராசனையும் வரதராசனைப் பெற்றவளையும் வாயில் வந்தபடி பேசி, மண்ணை வாரி ஆற்றில் எறிந்து, தொண்டை கட்டினதும் வேட்டியைத் திருத்திக் கட்டிக்கொண்டு திரும்புவார்கள். கொல்லைக்குப் போய் வருகிற மாதிரி.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மிரோஸ்லாவும் அவர்கள் பின்னாலேயே போனான். தனக்கும் வருகிறதா பார்க்கலாம் என்று. சங்கு ஊதியது. எல்லாருக்கும் மூக்கு விடைத்தது. அவனுக்கும் காது மடலில் என்னவோ செய்தது, கையைக் கொண்டுபோய்த் தொட்டுப் பார்த்தான். அதற்குள் சவரிமுத்து திரும்பிப் பார்த்து, "டேய் மிரோஸ்லாவ், நீ எங்கடா இங்க?" என்று கேட்டுவிட்டார்.

அன்றைய கோபம் எல்லாருக்கும் வீண். "தம்பி, இனிமே நீ வராதப்பா, ஒன்னக் கையெடுத்துக் கும்புடறேன்," என்றார் சவரிமுத்து, சாந்தமாக.

மறுநாள் அவன் அப்பனுக்குச் சாப்பாட்டுத் தூக்கு எடுத்துக்கொண்டு பாய்லர் மேடைக்கு வந்தான். அரியமுத்து அவன் வாயைப் பார்த்தான்.

"எப்பா, கோவம் வந்தா எப்படி இருக்கும்?"

"காது சுடும். கை கனக்கும். தொண்டையில ஒரு உருண்ட வந்து நிக்கும்."

"வலிக்குமா?"

"வலிக்கும்."

"அப்புறம் எதுக்குப்பா அது?"

"மத்தவன் உம்மேல கால வெக்காம இருக்கறதுக்கு."

பையன் தூக்கைக் கீழே வைத்தான். "எனக்குக் காது சுட்டுச்சுப்பா நேத்து. கொஞ்சூண்டு. நல்லாருந்துச்சு."

"போயிடுடா," என்றான் அரியமுத்து. "திருப்பூர் போ, பம்பாய் போ. இந்தப் பேரு தெரியாத எடத்துக்குப் போ. வேற பேரு வெச்சுக்க. ஒரு வருஷம் கோவப்பட்டுப் பாத்துட்டு வா."

"அரவை முடிஞ்சதும் போறேன்ப்பா."

அந்த சீசனின் கரும்பு அரவை முடியப் பதினோரு நாள் இருந்தது. அரியமுத்து சுவரில் கரிக்கோடு போட்டு எண்ண ஆரம்பித்தான். வாழ்க்கையில் அவன் வேறு எதையும் அப்படி எண்ணினதில்லை.

ஐந்தாவது கோடு போட்ட அன்று கழிவுத் தொட்டி அடைத்துக்கொண்டது. தினக்கூலிக்கு வந்த இரண்டு பேரைக் கயிற்றில் இறக்கினார்கள். மூடி இல்லை, ஏணி இல்லை, கவசம் இல்லை. முதல் ஆள் குனிந்தான், எழவில்லை. அவனைத் தூக்கப் போனவனும் எழவில்லை. மேலே நின்றவர்கள் கத்தினார்கள், கத்தலைக் கேட்டு எல்லா இடத்திலிருந்தும் ஓடிவந்தார்கள், மணி பன்னிரண்டே முக்கால், சங்கு ஊத இன்னும் ஒன்றேகால் மணி நேரம், காலையில் கேட்ட பெயரே அதுவரை தாங்கும். அப்படியும் வரதராசனுக்குப் பயம் வந்துவிட்டது, கூட்டம் கூடுகிறது என்று. ஒலிபெருக்கியைப் போடச் சொன்னார். "மிரோஸ்லாவ், கழிவுத் தொட்டிக்கு வரவும்."

வந்தான். மூச்சிரைக்க வந்து நின்றான்.

"கூப்பிட்டீங்களா?"

"ஒண்ணுமில்ல. போ," என்றார் வரதராசன்.

ஆனால் அவன் தொட்டிக்குள் எட்டிப் பார்த்துவிட்டான். பிறந்ததிலிருந்து கூப்பிட்ட இடத்துக்கெல்லாம் ஓடியவனுக்கு அன்றைக்குத்தான் போன இடத்தில் ஒரு வேலை இருந்தது. சட்டையைக் கழற்றிக் கரையில் மடித்து வைத்துவிட்டு இறங்கினான். இரண்டாமவனைத் தோளில் தூக்கிப் பாதிக் கயிறு வரைக்கும் கொண்டுவந்ததைப் பார்த்தவர்கள் உண்டு. அதற்கு மேல் அவனும் வரவில்லை.

கொக்கி போட்டு இழுத்த மூன்று உடம்பையும் ஆலை வாசலில், பதினாறாம் நாள் பெயர் வைக்கிற அதே இடத்தில் கிடத்தினார்கள். இரண்டு மணிச் சங்கு ஊதியது. ஓய்ந்தது. ஒலிபெருக்கி பேசவில்லை, யாரைக் கூப்பிடுவது என்று டைம் ஆபீசுக்குத் தெரியவில்லை. ஆறு வருஷத்தில் முதல் தடவையாகச் சங்குக்குப் பிறகு அந்தப் பெயர் வராமல் போயிற்று. கூட்டத்தில் ஒருத்தன் கீழே குனிந்து ஒரு கல்லை எடுத்தான். எடுத்த கல்லை என்ன செய்வது என்று மறந்து போனவன்போல் பார்த்தான். பிறகு ஞாபகம் வந்தது. இன்னொருத்தன் எடுத்தான். பதினேழாம் நம்பர் அஞ்சலை எடுத்தாள். பஞ்சு வைத்த காதோடு அரியமுத்து எல்லா முகத்தையும் பார்த்துக்கொண்டே நின்றான். மகன் தரையில் கிடக்கிறான், இவன் மூச்சில் ஒரு ஓரத்தில், வந்துவிட்டது, வந்துவிட்டது என்று இருந்தது. அதற்காக அவன் பிறகு தன்னை மன்னிக்கவே இல்லை.

வரதராசன் கையில் ஒலிபெருக்கி மைக்கோடு வந்தார்.   தையல்நாயகி மகன் மேல் விழுந்து மாரில் அறைந்துகொண்டு வாயைத் திறந்தபோது, ஆதரவாகப் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, மைக்கை அவள் வாய்க்கு நேராகப் பிடித்தார்.

பெற்றவள் பிள்ளையைப் பெயர் சொல்லி அழாமல் எப்படி அழுவாள்?

அரியமுத்துவுக்குக் கேட்கவில்லை. பார்த்தான். அவள் உதடு அந்தப் பெயரைச் சொன்னது, திரும்பத் திரும்பச் சொன்னது. கல் எடுத்த கைகள் ஒவ்வொன்றாகத் திறந்தன. கற்கள் சத்தமில்லாமல் அவரவர் காலடியில் விழுந்தன. கடைசியில் தையல்நாயகியே கண்ணைத் துடைத்துக்கொண்டு, முந்தானையை உதறி, வரதராசனிடம், "வெயில்ல நிக்கிறீங்களே சார்," என்றாள்.

மூன்று வாரத்தில் ஆலையை மூடினார்கள். தொட்டியை யாராவது வெளியூர்க்காரன் வந்து பார்த்துவிடுவான் என்று பயமோ, வேறு இடத்தில் லாபமோ, யாருக்குத் தெரியும். கடைசி நாள் இரண்டு மணிச் சங்கு ஊதியது, ஒலிபெருக்கி இருமிவிட்டு, அமரர் மிரோஸ்லாவ் அவர்களின் நினைவைப் போற்றி ஆலை இன்றோடு நிரந்தரமாக மூடப்படுகிறது என்று மூன்று முறை சொன்னது, நாலு கார்கள் வரிசையாகப் பாலத்தைத் தாண்டிப் போயின. ஜனங்கள் கையசைத்தார்கள்.

இனி அடுத்த சங்கு என்று ஒன்று கிடையாது. அப்படியானால் கோபமும் கிடையாது. எந்தக் காலத்திலும் கிடையாது. அடுப்பெரியாத வீடுகளில் பாத்திரம் விற்றார்கள், அப்புறம் கதவு விற்றார்கள், குழந்தைகளுக்கு வயிறு ஊதியது, செத்த மற்ற இரண்டு பேரின் பெண்டாட்டிகள் வந்து ஆலை வாசலைப் பார்த்துவிட்டு நன்றாகத்தான் கட்டியிருக்கிறார்கள் என்று சொல்லிப் போனார்கள், தொட்டியில் எப்படிச் செத்தார்கள் என்று ஒரு ஆள், ஒரே ஒரு ஆள் கேட்கவில்லை. சவரிமுத்து பாலத்துக்குப் போனார், உட்கார்ந்திருந்தார், ஒன்றும் வராமல் திரும்பினார். நூற்று இருபது வீட்டில் கோபம் உள்ளவன் அரியமுத்து ஒருத்தன்தான். அவனுக்கு மகன் பெயரைச் சொல்லி அழ வழியில்லை. சொன்னால் இதுவும் போய்விடும். சொல்லாமல் வைத்திருந்தான். இரவும் பகலும் அந்தப் பெயர் வாய்க்குள் கொழுக்கட்டை மாதிரி கிடந்தது. நாற்பது நாள் அப்படி இருந்தான்.

நாற்பத்தோராம் நாள் காலையில் எழுந்து ஆலைக்கு நடந்தான். வாட்ச்மேன் மட்டும் இருந்தான்.

"பாய்லரப் பத்த வெக்கப் போறேன்."

"போய்யா, போ," என்றான் வாட்ச்மேன். தடுக்க அவனுக்குக் கோபம் வேண்டுமே.

தையல்நாயகி பின்னாலேயே வந்திருந்தாள். எதற்கு என்று கேட்கவில்லை, அவன் சக்கை அள்ளினான், அவளும் அள்ளினாள். மூடிக் கிடந்த கிடங்கிலிருந்து கூடை கூடையாகக் காய்ந்த கரும்புச் சக்கையைச் சுமந்து வந்து பழைய சின்ன பாய்லரின் வாயில் கொட்டினார்கள், அது நன்றாகப் பிடித்து எரிந்தது, பாய்லரில் விட்டுப்போன தண்ணீர் முனக ஆரம்பித்தது. நீராவி அழுத்தம் காட்டும் முள் ஏறியது. இன்னும் ஏறியது. தையல்நாயகி தலையெல்லாம் சக்கைத் தூளோடு, "கஞ்சி கொண்டாரட்டுமா?" என்று கேட்டாள். அவன் மணி பார்த்தான். இரண்டு. சங்குக் கயிற்றைப் பிடித்து இழுத்தான்.

நாற்பது நாளைக்கு இல்லை, ஆறு வருஷத்துக்கும் சேர்த்து ஊதியது சங்கு. அவன் கயிற்றை விட்டுவிட்டு, பதினாலு வருஷமாகக் காதில் இருந்த பஞ்சைப் பிடுங்கிக் கீழே எறிந்தான். கேட்டது. முதலில் ஒரு பானை உடைகிற சத்தம். அப்புறம் நாய்கள். அப்புறம் லைன் வீடுகளிலிருந்து ஒரு உறுமல் புறப்பட்டது, அது நடந்தது, ஓடியது, மூடின வாசலை மோதித் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தது. டைம் ஆபீசை உடைத்தது, அங்கே யாரும் இல்லை. ஆபீசை உடைத்தது, அங்கேயும் யாரும் இல்லை. வரதராசனின் நாற்காலியை வெளியே இழுத்துப் போட்டு மிதித்தது, அது நாற்காலி. கோபம் வந்துவிட்டது, கோபத்துக்குரியவன் பாலத்தைத் தாண்டிப் போய்விட்டான். புகை வருகிற இடத்தில் ஒரு மனுஷன் இருந்தான். எல்லாரும் பாய்லர் மேடையைப் பார்த்தார்கள்.

"இவன்தான்டா!" சவரிமுத்துவின் குரல். "இவன்தான் அந்தப் பேர வெச்சவன்! அன்னிக்கே சொன்னேன், கேட்டானா?"

முதல் கல் பாய்லர் இரும்பில் பட்டு மணியடித்தது. அரியமுத்துவுக்கு ஒரே ஒரு சொல் போதும். பெரிய தொண்டை இன்னும் இருந்தது. சொன்னால் அத்தனை பேரும் கல்லைப் போட்டுவிட்டு, வேட்டியைத் தட்டிக்கொண்டு வீட்டுக்குப் போவார்கள். அவன் வாயைத் திறந்தான்.

பின்னாலிருந்து ஒரு கை அவன் சட்டையைப் பிடித்துத் திருப்பியது. தையல்நாயகி. அவள் கண்ணை அப்படி அவன் கல்யாணமான நாளிலிருந்து பார்த்ததில்லை.

"எம் புள்ளைக்கு நீதானடா பேரு வெச்ச?" என்றாள். புருஷனை டா என்றாள். இரண்டு கையாலும் அவன் மாரில் குத்தினாள். "அவன் ஓடி ஓடி வந்தானே. ஊருக்கெல்லாம் ஓடி வந்தானே. அவன் பேர என் வாயாலேயே எடுத்து மைக்குல வெச்சேனே நான்!" மறுபடி குத்தினாள். "சொல்லாத. சொன்னா ஒன்ன இங்கேயே கொன்னுடுவேன். இது எனக்கு வேணும்."

இரண்டாவது கல் அவன் தோளில் பட்டது. மூன்றாவது எங்கே பட்டது என்று பார்க்கவில்லை. கூட்டத்தின் ஓரத்தில் யாரோ ஒருத்தன், கல் விழுவதைப் பார்த்துப் பயந்து, வழக்கம்போல் எல்லாம் அடங்கட்டும் என்று உதட்டைக் குவித்தான். என்ன சொல்லப் போகிறான் என்று வாயைப் பார்த்தே பதினாலு வருஷம் பேசினவனுக்குத் தெரியாதா? அரியமுத்து கயிற்றைத் தாவிப் பிடித்து இழுத்தான். சங்கு அலறியது. அந்தச் சங்குக்கு மேல் ஒரு பெயரைக் கேட்க வைக்கிற தொண்டை அந்த ஊரில் ஒன்றுதான் உண்டு. அது வாயை இறுக்கி மூடிக்கொண்டிருந்தது.

முள் இறங்கிக்கொண்டே வந்தது. தையல்நாயகி குத்திக்கொண்டே இருந்தாள். அவன் நெற்றியில் ரத்தம் வழிய, நீராவி இருக்கிறவரை அந்தக் கோபம் இருக்கட்டும் என்று, கயிற்றில் தொங்கினான்.